கட்டைவிரல் எங்க இருக்குது பாரு

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பன்னிரண்டு சீசன் சூப்பர்வைசராக இருந்தேன். பெங்களூரா ரக மாம்பழ வரத்து சூடுபிடித்தால் ஜூலை முடிய ரெண்டு ஷிஃப்ட். காலை எட்டு, ராத்திரி எட்டு. கழுவின பழம் பெல்ட்டில் வரும். ரெண்டு பக்கமும் நிற்கிற பெண்கள் அழுகலை ஒதுக்கி, காம்புப் பக்கத்தைச் சீவித் தள்ளுவார்கள். செல்போன் லாக்கரில் இருக்கும். அதனால் நைட் ஷிஃப்டுக்கு சீரியல் கிடையாது. காலையில் மாற்ற வருகிறவர்கள்தான் கதையைக் கொண்டுவர வேண்டும்.

கை கழுவும் குழாயடியில் நின்று சொல்வார்கள். அரை மணி நேர எபிசோடு ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவசரத்தில் சுருக்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், யார் சொன்னாலும் விட்டுப்போவது ஒரே சங்கதிகள்தான். ஆளுக்கு மூணு தடவை முகத்தைக் காட்டுவது, கதவோரம் ஒட்டுக்கேட்பது எல்லாம் போய்விடும். யார் என்ன சொன்னாள், அதுக்கு அவன் என்ன சொன்னான் என்பது மட்டும் நிற்கும். சில நாள் "நேத்து ஒண்ணுமில்லக்கா" என்று ஒரே வார்த்தை. நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

ஒரு சீசனில் லைனில் பேசக்கூடாது என்று நானே சட்டம் போட்டேன். மூணாம் நாள் விடியக்காலம் மூணு மணிக்கு ஒரு பெண் கண் சொருகி விரலை வெட்டிக்கொண்டாள். அதோடு அந்தச் சட்டம் போச்சு.

காவேரிப்பட்டணத்து அக்கா ஒருத்தர். கத்தி பிடித்தே கை காய்த்துப்போனவர். ஏதோ ஒரு சீரியலில் மருமகள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அழுதாளாம். "அழுவறது இருக்கட்டும். கட்டைவிரல் எங்க இருக்குது பாரு. அப்படிப் புடிச்சா ரெண்டாவது காய்லயே விரலு போயிருக்கும். இவ பதினெட்டு வருஷமா அந்த வூட்டுக்கு ஆக்கிப் போட்டவளாம்!" அதற்குப்பின் அந்த மருமகளுக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அக்கா இரங்கவில்லை.

2023 சீசன் முழுக்க எதிர்நீச்சல் சீரியல்தான். படித்த மருமகள்களை வீட்டுக்குள் அடக்கிவைக்கும் ஒரு குடும்பத்தின் கதை. இயக்கிய திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை ஓடிய கோலங்கள் சீரியலையும் எடுத்தவர். அதில் தொல்காப்பியனாக நடித்தவரும் அவரே. அக்காவுக்கு அவர் இன்னும் தொல்சுதான். "தொல்சு நல்லாத்தான் எடுக்கறான் தம்பி. ஆனா படிச்ச பொம்பளைங்க, ஒருத்தி கையிலயும் தனியா நூறு ரூவா இல்லாமயா இருக்கும்? நாங்கல்லாம் அரிசிப்பானைல வெக்கல?"

அந்த வீட்டை ஆட்டிவைக்கும் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவை அந்த ஜூனில் லைன் திட்டாத ராத்திரி இல்லை. செப்டம்பர் 8ஆம் தேதி, டப்பிங் பேசப்போன இடத்தில் நெஞ்சுவலி வந்து அவர் இறந்துபோனார். சீசன் முடிந்து ஆட்கள் கலைந்திருந்த நேரம். அக்கா போன் பண்ணினார். "தம்பி, குணசேகரன் பூட்டாராமே." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்க மாமனாரு பேசறாப்லயே பேசுவாரு. நான் திட்டுனது அவர இல்ல."

பிறகு அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அடுத்த சீசனில் கேட்டேன். "ஆளு நல்ல ஆளுதான். முன்ன குணசேகரன் பொய் சொன்னா, அத அவனே நம்பிச் சொல்லுவான். இப்ப மிரட்டறத மட்டும் எழுதிக் குடுக்கறாங்க. அவரு என்ன பண்ணுவாரு?" எனக்கு அப்படித் தோன்றியிருக்கவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

2024 ஜூனில் தொடர் முடிந்தது. அன்றைக்கு அக்கா நைட் ஷிஃப்ட். காலையில் வந்தவள் குழாயடியில் முடிவைச் சொன்னாள். அடுத்த ஷிஃப்டில் அக்கா அதே முடிவை எதிர்வரிசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் கேட்டதில் பாதி அதில் இல்லை. மருமகள்கள் எல்லாரும் பேங்குக்குப் போய் அவரவர் பேரில் பாஸ்புக் வாங்கியிருந்தார்கள்.

"இது டிவில வந்துச்சாக்கா?"

"வரல. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."