நீல விளக்கு ஏன் எரியவில்லை?

பள்ளி விட்டதும் மாணவிகளுக்கு நடக்கும் அறிவியல் வகுப்பில் நான் வழிகாட்டி. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருவதுதான் பாதி வேலை.

நேற்று ஒருத்தி 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் சிவப்பு, நீலம் இரண்டு எல்இடிகளையும் பக்கம் பக்கமாகச் செருகினாள். சிவப்பு மட்டும் எரிந்தது. “நீலம் போச்சு மிஸ்!” சரி, சிவப்பைக் கழற்று என்றேன். நீலம் பளிச்சென்று எரிந்தது. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தேன். சிவப்பு இருக்கும்போது 2 வோல்ட் சொச்சம்தான் காட்டியது; நீலத்துக்குக் கிட்டத்தட்ட 3 வேண்டும். “இந்தச் சிவப்புதான் வோல்டேஜைக் கீழே இழுத்துடுது மிஸ்” என்று அவளே பிடித்துவிட்டாள்.

பையன்களும் இருக்கும் குழுவில் மீட்டர் பெரும்பாலும் அவர்கள் கைக்குத்தான் போகும், பெண் குறிப்பெழுதுவாள். அதனால்தான், பெண்களுக்குத் தனி வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வந்து பாருங்கள் என்பேன். அடுத்த வாரம் சாலிடரிங், அதாவது உலோகத்தை உருக்கி ஒயர்களை ஒட்டுவது. யார் முதலில் பிடிப்பது என்று இப்போதே சண்டை.