கீலம் கீலமாய் ஒரு போர்வை

டிசம்பர் 28, 2024, சனி. முரசுமோட்டை

மழை விட்டதும் பனி தொடங்கிவிட்டது. விடிய ஐந்து மணிக்கு வெளியே வந்தால் வயல் தெரியவில்லை, வெள்ளையாய்க் கிடக்கிறது. அம்மா இரண்டு பழைய சேலையை மடித்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய தடித்த போர்வை அலுமாரிக்குள் இருக்கிறது.

“அது பாரம் பிள்ளை. போர்த்தால் வேர்க்குது, இழுத்துவிட்டால் குளிருது” என்கிறார்.

சரியான பேச்சுத்தான். எங்கள் வன்னிக் குளிர் விடியப்புறம் மூன்று நாலு மணித்தியாலக் குளிர். அதற்கு நல்ல பருத்தி பிளனல், அந்த மெத்தென்ற துணி போதும், நடுவில் பஞ்சு வேண்டாம். கிணற்றடியில் தோய்க்கவும் லேசு.

அம்மாவுக்கு நானே ஒரு போர்வை தைப்பதென்று, மத்தியானம் கிளிநொச்சி ரவுணுக்குப் போய் ஆறு நிறப் பிளனலில் ஒவ்வொரு மீற்றர் வாங்கினேன். 36 அங்குல அகலம். குழந்தைத் துணிக்கென்று விற்கிறபடியால் எல்லாம் வெளிர் நிறம். ஒரு கடும் நீலம் மட்டும் தேடிப் பிடித்தேன்.

டிசம்பர் 29

இன்று தோய்ச்சல் மட்டும். பிளனலை வெட்டுவதற்கு முன் தோய்த்தே ஆகவேண்டும். தளர்வாக நெய்த துணி, தண்ணீர் பட்டால் ஒடுங்கும். ஆறும் ஒரே அளவில் ஒடுங்காது. தைத்த பிறகு ஒடுங்கினால் போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். நீலத்தைத் தனி வாளியில் போட்டேன், சாயம் விட்டது.

காய்ந்ததும் அளந்தேன். நீளத்தில் இரண்டு அங்குலம் போய் 37, அகலத்தில் ஒன்று போய் 35.

டிசம்பர் 31

வெட்டினேன். ஒவ்வொரு நிறத்திலும் 3½ அங்குல அகலத்தில் பத்துக் கீலம் (நீளத் துண்டு), மொத்தம் அறுபது. 37 அங்குல நீளத்தில் 35 போக இரண்டுதான் மிச்சம். ஒரு கீலம் பிழைத்தாலும் இன்னொரு மீற்றர் வாங்க வேண்டும், அதனால் தடியும் சோக்கும் வைத்துக் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன்.

வழி இதுதான். ஆறு நிறக் கீலத்தையும் நீளப்பாட்டில் பக்கம் பக்கமாகத் தைத்தால் ஒரு பட்டி. அந்தப் பட்டியைக் குறுக்கே வெட்டினால் கோடு கோடான சதுரம். சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்துகிற வேலை இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் செமினோல் பெண்கள் நூறு வருடத்துக்கு முன்பே கை மிசினில் இப்படிக் கீலம் இணைத்து, வெட்டி, மாற்றித் தைத்துத்தான் தங்கள் உடுப்புகளைச் செய்தார்கள். கைமிசின் வைத்திருந்தவர்களின் மூளை அது. நான் மிதிமிசினில் இருந்து அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 2, 2025

முதல் பட்டி வில் மாதிரி வளைந்துவிட்டது. மேசையில் போட்டுப் பார்க்க ஒரு பக்கம் உயர்ந்து பிறையாய் நிற்கிறது. அழுகை வந்தது.

ஐந்து தையலையும் ஒரே அந்தத்திலிருந்து தொடங்கியதுதான் காரணம். மிசினின் பல் கீழ்த்துணியை இழுக்கும், மேல்துணி பின்தங்கும். பிளனல் இழுபடுகிற துணி, ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வளைகிறது. முழுவதையும் பிரித்தேன். திரும்பத் தைக்கும்போது முதல் தையல் மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நேராக வந்தது.

தையலுக்கு விடுகிற ஓரம் அரை அங்குலம். கால் அங்குலம் போதும் என்பார்கள், பொப்பிளின் போல நெருக்கி நெய்த துணிக்குச் சரி. பிளனல் நூல் உதிரும், இரண்டு தோய்ச்சலில் தையல் பிரிந்துவிடும்.

ஜனவரி 4

கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கியாயிற்று. அந்தச் சத்தத்தோடு எழும்பி, தேத்தண்ணி குடித்துவிட்டு மிசினில் இருந்தேன்.

மூன்றாவது பட்டியில் தையல் தவறித் தவறி விழுந்தது. ஊசியை மாற்றி 16 ஆம் நம்பர் போட்டும் சரிவரவில்லை. ஊசிக்குக் கீழே இருக்கிற தகட்டைக் கழற்றினால் உள்ளே பூனைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி பஞ்சு! கோழி இறகால் தட்டி எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். இனி ஒவ்வொரு பட்டிக்கும் ஒருமுறை.

இந்த மிசின் 2010 இல் திரும்பி வந்து குடியேறின பிறகு அம்மா சீட்டுக்காசில் வாங்கியது. முந்தியது இடப்பெயர்வில் போயிற்று. அம்மாவின் கால் பட்ட இடத்தில் மிதி மினுங்குகிறது.

ஜனவரி 8

பத்துப் பட்டியும் முடிந்தன. தையலை இரண்டு பக்கமும் விரித்து அயன் பண்ணினேன். ஒரு பக்கம் மடித்தால் தடித்துப்போய் மூலைகள் பொருந்தாது. அயனை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைக்கவேண்டும்.

ஒவ்வொரு பட்டியும் 16 அங்குல அகலம். குறுக்கே 16 இல் வெட்ட, பட்டிக்கு இரண்டு சதுரம். இருபது சதுரத்தையும் பாயில் பரப்பி, ஒன்று நெடுக்கு, ஒன்று கிடை என்று நாலுக்கு ஐந்தாய் வைத்தேன். நீலக்கோடு படிக்கட்டுப் போல இறங்கி ஓடியது. இவ்வளவு அழகாய் வரும் என்று நினைக்கவில்லை. அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்து பார்த்தார்.

ஜனவரி 11

கீழ்ப்பக்கத்துக்குப் புதுத்துணி வாங்கவிருந்தேன். அம்மா தன்ரை வெள்ளை நூல் சேலையைக் கொண்டுவந்து தந்தார். பல வருடம் தோய்த்துத் தோய்த்துக் காற்றைப்போல ஆகிவிட்ட சேலை.

“கிழிக்கட்டோ அம்மா?”

“கிழி. போர்க்கத்தானே போறன்.”

இரண்டாய்க் கிழித்து நடுவில் இணைத்தேன். மேல்துணியையும் சேலையையும் நிலத்தில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாய் நூலோடிப் பிடித்தேன். மிசினில் கொடுத்தால் கீழ்த்துணி நழுவும். அதனால் சதுரங்களின் மூட்டு வழியே கையாலேயே தைக்கிறேன். இரவில் அம்மாவும் ஒரு மூலையில் இருந்து தைக்கிறார். அவரின் தையல் என்னுடையதைவிடச் சின்னது, கை நடுங்கியும்.

ஜனவரி 13

திருவாதிரை. கோயிலால் வந்து ஓரம் முடித்தேன். சேலையை ஒன்றரை அங்குலம் கூட விட்டு வெட்டி, முன்பக்கம் இரண்டு மடிப்பாய் மடித்துத் தைத்ததில் வெள்ளைக் கரை வந்துவிட்டது. அளவு 61 க்கு 76 அங்குலம்.

ஜனவரி 15

பொங்கலன்று இரவு போர்ப்பார் என்று மடித்துக் கட்டிலில் வைத்தேன். தொடவில்லை. இன்று காலை பார்த்தால் கிணற்றடியில் போர்வை வாளிக்குள் இருக்கிறது.

“புதுசைத் தோய்க்காமல் போர்க்கிறதோ?”

“துணியெல்லாம் முந்தியே தோய்ச்சதுதானே அம்மா.”

“அது துணி. இது போர்வை.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்து கொடியில் போட்டோம். பின்னேரம் நாலு மணிக்கே காய்ந்துவிட்டது. எடுத்து மடிக்கும்போது அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன். 76 தான்.