வீட்டில் ஃப்ளூ: பெயர் எழுதாத குளிசையும் போயா நாள் பரிசோதனையும்

மாரி மழை தொடங்கியபிறகு திருகோணமலையில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால், விசாரிக்கிற ஆட்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஃப்ளூவா, டெங்குவா? 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி இலேசில் விட்டுப்போகாது. எங்கள் வீட்டில் மகனில் தொடங்கி, மனைவி, அம்மா என்று வரிசையாக ஆட்களைப் படுக்கையில் போட்டது கடைசியில் ஃப்ளூதான். எல்லாரும் தேறிவிட்டார்கள். காய்ச்சலைவிட எங்களை அலைக்கழித்தது கடதாசி விஷயம். அந்தக் கடுப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தடிமன் மெல்ல ஏறும். ஃப்ளூ அப்படியில்லை, காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை பின்னேரம் சுருண்டு படுத்துவிடும். குளிர், தலையிடி, நாரி உளைவு, தொண்டை நோ, வறட்டு இருமல், 38 முதல் 40 பாகை செல்சியஸ் வரை காய்ச்சல். டெங்குவிலும் இதில் பாதி உண்டு. இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் ஃப்ளூ என்று சந்தேகிக்கலாம், அதை வைத்து டெங்கு இல்லையென்று முடிவுகட்ட முடியாது. தொற்றிய 1 முதல் 4 நாளுக்குள் ஃப்ளூ அடுத்த ஆளில் தெரியும் என்பதால், இரண்டாம் ஆள் படுத்தபிறகு ஓரளவு ஊகிக்கலாம். முதல் ஆளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முதல் மூன்று நாளும் டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணியே நடக்கவேண்டும்.

இந்த நேரத்தில்தான் டிஸ்பென்சரிக் குளிசை. நம்பர் எடுத்து, காட்டி முடித்து வெளியே வந்தால் கையில் மூன்று சின்னக் கடதாசி உறைகள். காலை, பகல், இரவு என்று அச்சடித்த இடங்களில் சரி அடையாளம் போட்டிருந்தது. மருந்தின் பெயருக்கான கோட்டில் ஒன்றுமே இல்லை.

“தங்கச்சி, இது என்ன குளிசை?”

“காய்ச்சலுக்குத்தான் அண்ணா. சாப்பிட்டபிறகு குடுங்கோ.”

காய்ச்சலுக்கு என்று தருவதெல்லாம் பரசிற்றமோல் இல்லை. ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனக், மெஃபெனமிக் அசிட் எல்லாம் காய்ச்சலை விறுவிறென்று இறக்கும், டொக்டருக்குக் ‘கைராசி’ என்ற பெயரும் வாங்கிக் கொடுக்கும். ஆனால் உள்ளே டெங்கு இருந்தால் இவை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அஸ்பிரினும் அப்படித்தான், அதோடு ஃப்ளூ வந்த பிள்ளைக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோயைக் கொண்டுவரலாம். பிரட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசைக்கும் இங்கே வேலையில்லை, முட்டு வருத்தம் மாதிரி வேறு காரணத்துக்காக டொக்டர் தெரிந்து தந்தால் ஒழிய. அடுத்த நாள் ஆஸ்பத்திரி ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) “என்ன மருந்து குடுத்தவை?” என்று கேட்டால் “ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள்” என்றா சொல்வது?

உறையையும் பேனையையும் ஒன்றாக நீட்டி, “பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தாங்கோ” என்று அந்த இடத்திலேயே நின்றால் எழுதுகிறார்கள். முகம் கொஞ்சம் சுளிக்கும், பரவாயில்லை. எங்களுக்கு அப்படி எழுதி வந்ததில் ஒன்று மெஃபெனமிக் அசிட். அதை அங்கேயே திருப்பிக் கொடுத்தாயிற்று.

பரசிற்றமோல் கணக்கு நிறைதான், வயதில்லை. பிள்ளைக்கு ஒரு தடவைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால், 12 கிலோப் பிள்ளைக்கு 7.5 மில்லிலீற்றரோடு நிறுத்தவேண்டும். வீட்டுத் தேக்கரண்டி ஒன்றுக்கொன்று வித்தியாசம், ஊசி போடாத சிரிஞ்சால் அளப்பதே சரி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து பாணியைவிடப் பலமடங்கு செறிவானது, பாணி அளவில் அதைக் கொடுத்துவிடக்கூடாது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. பாமசியில் வாங்கும் தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அடுத்த இழுபறி இரத்தப் பரிசோதனை. முழு இரத்தக் கணக்கு, அதாவது எஃப்பிசி, காய்ச்சலின் மூன்றாம் நாளில் பார்ப்பது. முதல் நாளில் எடுத்தால் டெங்குவிலும் அநேகமாக எல்லாம் சரியாகவே காட்டும். முதல் நாளே போனால் லாப்பில் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். அதில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 மட்டும் அந்த நேரத்துக்குப் பொருந்தும், அது நெகட்டிவ் என்றாலும் டெங்கு இல்லையென்று ஆகாது. நாள்களை எண்ணுவது காய்ச்சல் தொடங்கிய மணியிலிருந்து. எங்கள் மூன்றாம் நாள் போயாவில், அதாவது பௌர்ணமி விடுமுறையில் விழுந்தது, லாப் பூட்டு. இரண்டாம் நாளே கலண்டரைப் பார்த்து, எது திறந்திருக்கும் என்று கேட்டு வைத்தால் அலைச்சல் மிச்சம். எல்லாம் பூட்டென்றாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்துதான் இருக்கும்.

பிறகு வட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட் படத்தில் பிளேட்லெட் வரி மட்டும் தெளிவாக இருந்தது, எச்சிடி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வரி வெட்டுப்பட்டிருந்தது. பார்க்கிற எல்லாரும் பிளேட்லெட்டையே கேட்கிறார்கள். டெங்குவில் இரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறதா என்று காட்டுவது ஏறிக்கொண்டு போகும் எச்சிடி. ஃப்ளூவிலும் வெள்ளணுவும் பிளேட்லெட்டும் கொஞ்சம் இறங்கலாம், ஆகவே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். முழுத் தாளையும் வாங்கிப் பழையதோடு சேர்த்து வைத்துக் காட்டவேண்டும்.

எங்களுக்கு உருப்படியாக உதவியது ஒரு கொப்பித் தாள். நேரம், காய்ச்சல், மருந்து, குடித்த அளவு, சலம் போன நேரம் என்று ஐந்து நிரல். கடையில் வாங்கும் வெப்பமானி சில பரனைட்டில் காட்டும், 100.4 என்றால் 38 செல்சியஸ். கமக்கட்டில் வைத்தால் ஏறக்குறைய அரைப் பாகை குறைவாக வரும். வளர்ந்தவருக்கு நாளுக்கு 2,500 மில்லிலீற்றர் அளவில் கஞ்சி, ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்), இளநீர், சூப். வெறும் தண்ணியாகவே கொடுக்கக்கூடாது. சிவப்பு, கபில நிறப் பானம் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா என்று பிரிக்கமுடியாது. கொத்தமல்லித் தண்ணி குடிப்பதில் தவறில்லை, காய்ச்சலை அது மாற்றும் என்று காத்திருப்பதுதான் தவறு. அன்ரிபயோட்டிக்கும் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது.

அம்மாவின் விஷயம் வேறு. வயதானவர்களுக்குக் காய்ச்சல் 38 ஐக்கூடத் தொடாமல், தடுமாற்றமும் சாப்பாடு இறங்காமையுமாக ஃப்ளூ வரலாம். சீனி வருத்தம் இருந்தால் காய்ச்சலோடு சீனி ஏறும், சாப்பிடாவிட்டால் இறங்கவும் பார்க்கும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய், குளிசையைப் பழைய அளவிலேயே போடுவதா என்று கேட்கவேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர், கர்ப்பிணி, இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, முட்டு, இருதய வருத்தம் உள்ளவர் எல்லாரும் முதல் 48 மணித்தியாலத்துக்குள்ளேயே காட்டுவது நல்லது. ஃப்ளூ வைரஸுக்கான ஒசெல்டமிவிர் மருந்து தொடங்குவதென்றால் அதற்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள்வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

ஒரே அறை வீட்டில் நோயாளியைத் தனியாக வைப்பது நடக்காத காரியம். தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுக்கவைத்து, முகக்கவசம் போட்டு, மழை விட்ட நேரம் யன்னலைத் திறந்துவிடலாம். நோயாளிக்குப் பகலிலும் நுளம்புவலை வேண்டும், டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்தான்.

காய்ச்சல் விட்ட நாளில் பிள்ளை விளையாடினால் ஃப்ளூ அநேகமாக முடிந்தது. காய்ச்சல் விட்டும் சோர்ந்தால், வயிறு நொந்தால், சத்தி நிற்காவிட்டால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி, டெங்குவின் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது, ஒரு வயதிலிருந்து ஐந்து வரையான பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது, சுகமாகி வரும்போது திரும்பக் காய்ச்சல் ஏறுவது எல்லாம் நியூமோனியாவைச் சந்தேகிக்க வைப்பவை. இருமல் மட்டும் இரண்டு, மூன்று கிழமை இழுக்கும். சின்னப் பிள்ளைக்கு இருமல் பாணி தேவையில்லை, ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கமுதல் அரைத் தேக்கரண்டி தேன் போதும். பரசிற்றமோல் இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் வராமல் இருந்தபிறகு பள்ளிக்கூடம் அனுப்பலாம்.