பழையபடி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் மூன்றாம் மாடி. 2021 டிசம்பரில் ஒரு விடியற்காலை, தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க அடுப்பைப் பற்றவைத்தேன். இரவு முழுக்க கேஸ் கசிந்திருக்கிறது, எனக்கு மணம் எதுவும் வரவில்லை. அந்த நாட்களில் நாடு முழுக்க குசினிகளில் இப்படி வெடித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சிலிண்டருக்குள் வாயுக் கலவையை மாற்றியதுதான் முக்கிய காரணம் என்று பிறகு விசாரணைக் குழு சொன்னது. எனக்கு அப்போது 16 வயது. வலது கன்னம், உதடு, நாடி, கழுத்து.

பக்கத்து வீட்டு அன்ரி ஓடிவந்து பற்பசை பூசினா. பாசத்தில்தான் பூசினா, அவவில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அதை வழித்தெடுத்தபோது பட்ட வலியை இன்னும் மறக்க முடியவில்லை. வாசிக்கிற எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: நெருப்புப் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கோ. பற்பசை, எண்ணெய், ஐஸ் ஒன்றும் வேண்டாம்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதை: "யோசிக்காதை பிள்ளை, பழையபடி வந்திடும்." பழையபடி வரவேண்டும் என்று அம்மம்மா பம்பலப்பிட்டி மாணிக்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தா. டொக்டர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "ஒன்றரை, ரெண்டு வருஷத்தில சிவப்புக் குறையும், தடிப்புத் தணியும். ஆனா தழும்பு இருக்கும்" என்றார். அன்று முழுக்க அவரை வெறுத்தேன். எனக்கு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

காயம் ஆறியதும் தோல் நிறத்தில் ஓர் இலாஸ்டிக் உறை தந்தார்கள். தழும்பு தடிக்காமல் அழுத்திப் பிடிக்க நாளுக்கு 23 மணி நேரம் போடவேண்டும். கொழும்பு வெயிலில். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களும் வந்தன. ஒட்டிய தோலுக்கு வியர்க்காது, கடிக்க மட்டும் செய்யும். நெற்றியும் முதுகும் ஊற்றும், நாடி காய்ந்து எரியும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அந்த இருட்டு எனக்குப் பிடித்திருந்தது. சனம் எல்லாம் காற்று வாங்க மொட்டை மாடிக்கு வரும். மரைன் டிரைவ் பக்கம் ஒரு வெளிச்சமும் இருக்காது. அந்த ஒரு மணி நேர ஓய்வை அதற்காகவே மிச்சம் பிடித்து, உறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கீழ்வீட்டு அக்காவோடு கதைத்துக்கொண்டிருப்பேன்.

பகலில் என்னைக் காப்பாற்றியது கொரோனா மாஸ்க். எல்லாரும் போட்டிருந்த காலம். என் கண்ணும் நெற்றியும் அப்படியே இருந்ததால் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நானும் ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

2022 மே மாதம் ஓ/எல் (சாதாரண தரப்) பரீட்சை. அடையாள அட்டையைப் பார்க்க வந்த மிஸ், "மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்கோ பிள்ளை" என்றா. அட்டையில் இருந்தது விபத்துக்கு முன் எடுத்த படம். இறக்கினேன். அவவின் பார்வை அட்டைக்குப் போனது, என் நாடிக்கு வந்தது, திரும்ப அட்டைக்குப் போனது. முன் மேசைப் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்தாள். மிஸ் அட்டையை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் என் அடிமட்டத்தை அதன்மேல் வைத்தா. "எழுதுங்கோ" என்றா. குரல் மாறவேயில்லை. அந்த அடிமட்டத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஜூனில் மாஸ்க் கட்டாயம் இல்லை என்று அறிவித்தார்கள். ஊரே முகத்தைத் திறந்தது. அதற்குப் பிறகும் பல மாதம் நான் மட்டும் போட்டுக்கொண்டு திரிந்தேன். வகுப்பில் கழற்றிய முதல் நாளைப் பற்றி எழுத இன்னும் மனம் வரவில்லை.

போன கிழமை டியூஷன் அட்டைக்குப் படம் எடுக்க அம்மாவோடு காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்ட அண்ணா, கேட்காமலே மௌஸால் என் கன்னத்தைத் தடவத் தொடங்கினார். தழும்பு கரைந்தது. உதட்டின் இழுவை நிமிர்ந்தது. அம்மா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றா. அவவின் கை என் தோளை இறுக்கியது.

நான் திரையைப் பார்த்தேன். மெழுகு பூசினதுபோல் ஒரு கன்னம். அடையாள அட்டையில் இருக்கிற பிள்ளையும் இல்லை, காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்க்கிற நானும் இல்லை.

"அண்ணா, அதைப் பழையபடி ஆக்குங்கோ" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "எதை, தங்கச்சி?"

"தழும்பை. முதல் இருந்த மாதிரி."

அவர் ஒவ்வொரு க்ளிக்காகப் பின்னுக்குப் போனார். முதலில் உதடு இழுபட்டது, பிறகு கன்னம், கடைசியாகக் கழுத்து வந்தது. நாலு பிரதி எடுத்தோம். படியிறங்கும்போது அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்று கடித உறையைத் திறந்து, ஒன்றை எடுத்துத் தன் பேர்ஸுக்குள் வைத்தா.