கணக்கு நோட்டுல வராத செலவு

ராமேஸ்வரத்துல ஒரு மீன் கம்பெனில ஒன்பது வருஷம் கணக்கு எழுதினேன். விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி கடல், மத்த நாலு நாளும் நாட்டுப்படகுக்கு, அதனால எங்களுக்கு முக்கியமான வேலை செவ்வா, வியாழன், ஞாயிறு விடியக்காலம்தான். போட் ஜெட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே தராசு, ஐஸ் பாக்ஸ் எல்லாம் போட்டு உக்காந்துருவோம். இறாலத் தரம் பிரிச்சு எடை சொல்லுவாங்க, நான் எழுதுவேன். அப்புறம் நண்டு, கணவாய். கடைசில சங்காயம்.

வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், சங்காயம்னா இழுவை மடில, அதாவது விசைப்படகு கடல் அடியோட சேத்து இழுத்துட்டுப் போற வலைல, கூடவே வந்து மாட்டுற குஞ்சு மீன், பொடி நண்டு, இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டிருந்தா நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டிய காரல் எல்லாம் சேந்த குவியல். காயப்போட்டு கோழித்தீவனத்துக்கு அனுப்புவாங்க. சில நாள் இறால் ரெண்டு பாக்ஸ்தான் இருக்கும், சங்காயம் கூடை கூடையா இறங்கும். நோட்டுல அது வரவுப் பக்கம். எவ்வளவு வந்தாலும் வரவுதான், நானும் ரொம்ப நாள் அப்படியே நெனச்சு எழுதிட்டிருந்தேன்.

இழுவை மடிய நிறுத்தணுமா வேணாமான்னு ஜெட்டில தினமும் சண்டை நடக்கும். எங்க முதலாளி மாதிரி ஆளுங்க சொல்ற கணக்கு இதுதான்: இறால் ஏத்துமதியால டாலர் வருது, ஐஸ் பிளான்ட், வேன், ஷெட்ல தரம் பிரிக்கிற பொம்பளைங்கன்னு ஊரே இதுல பொழைக்குது, மடிய நிறுத்தினா எல்லாத்தையும் மூட வேண்டியதுதான். இதப் பொய்னு நான் சொல்ல மாட்டேன், என் சம்பளமே அதுல வந்ததுதான். ஆனா கணக்கு அதோட முடிஞ்சிரல.

ஒருநாள் தங்கச்சிமடம் பக்கத்து நாட்டுப்படகு அண்ணன் ஒருத்தர் நண்டு போட வந்தார். ராத்திரி விசைப்படகு மடி ஏறி அவரோட நண்டு வலை மொத்தமும் போயிருச்சு. விலையெல்லாம் பேசல. என் நோட்டப் பாத்துட்டு, "தம்பி, அந்த போட்காரர் இன்னைக்குக் கொண்டாந்த இறால எழுதிருக்கியே, என் வலைய எந்தப் பக்கம் எழுதுவே?"ன்னார். நான் வாயே திறக்கல.

அந்தக் கேள்விதான் எனக்கு இந்தப் பிரச்னை மொத்தத்தையும் வேற மாதிரி காட்டுச்சு. இலங்கைக் கரையில யாழ்ப்பாணம், மன்னார்ல இருக்கிற ஆளுங்களும் தமிழ் பேசுற மீனவங்கதான், சண்டைக் காலம் முழுக்க கடல்ல ஒழுங்கா இறங்க முடியாம கெடந்துட்டு 2009க்கு அப்புறம் வலை போட்டா இந்தியா பக்கத்து மடி வந்து அறுத்துட்டுப் போகுதுன்னு அவங்க சொல்றதும் இதே கேள்விதான். 2017ல இலங்கை இழுவை மடியத் தடை பண்ணிச்சு. இங்க பேச்சு வந்தா 1974 ஒப்பந்தம், கச்சத்தீவுன்னு போயிரும், அது பெரிய விஷயம்தான், ஆனா கச்சத்தீவு நாளைக்கே கைக்கு வந்தாலும் சங்காயம் சங்காயமாத்தான் வரும், குஞ்சப் புடிச்சா அடுத்த வருஷம் மீன் எங்கேர்ந்து வரும்?

அரசாங்கம் ஒண்ணும் பண்ணலன்னு சொல்ல முடியாது. 2017ல ஆழ்கடல் திட்டம் வந்துச்சு, இழுவைப் படகக் குடுத்துட்டு சூரை மீன் புடிக்கிற போட் வாங்கலாம்னாங்க, 80 லட்சத்துல மத்திய அரசு 40, மாநிலம் 16, மிச்சத்துல 8 லட்சம் நாம போடணும், 16 லட்சம் லோன். கேக்க நல்லா இருக்கும். ஆனா கம்பெனிக்கிட்ட முன்பணம் வாங்கி, அதுக்காகவே கம்பெனி சொல்ற விலைக்கு இறால் போட்டுட்டிருக்கிற ஆளுக்கு 8 லட்சம் எங்கேர்ந்து வரும்? அந்த முன்பணக் கணக்க எழுதினவன் நான், யார் யார் எவ்வளவு பாக்கின்னு எனக்குத் தெரியும், பாதிப் பேர் பாக்கி எத்தனை வருஷம் ஆனாலும் தீராது. அதுக்கு மேல, இங்க ஒரு ராத்திரி போய்ட்டு வர்ற கடல், அங்க நாள்கணக்குல கெடக்கணும், தூண்டில் தொழில் தெரியணும். நெறைய பேர் தயங்கினதுக்கு சோம்பேறித்தனம் காரணம்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

இன்னொரு பக்கம் டீசல். 2023ல மண்டபம் மாநாட்டுல முதல்வர் ஸ்டாலின் வரியில்லா டீசல விசைப்படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டர்லேர்ந்து 19,000 ஆக்குறதா அறிவிச்சார், நாட்டுப்படகுக்கு 4,000 இருந்தது 4,400. வரிச்சலுகை இல்லன்னா எங்க போட்ல பல ட்ரிப் நஷ்டம்தான், இது நான் எழுதின கணக்கு. அப்ப மடிய விடச்சொல்லி 56 லட்சம் குடுத்த அரசாங்கமே அந்த மடி ஓடுறதுக்கும் காசு குடுக்குது. டீசல நிறுத்துன்னு நான் சொல்லல, நிறுத்தினா மொதல்ல அடி வாங்குறது டெக்ல நிக்கிறவன். அந்தக் காச வருஷா வருஷம் கொஞ்சங் கொஞ்சமா மடிய விட்டு வர்றவங்க பக்கம் திருப்பணும், வலை போன நாட்டுப்படகுக்காரங்களுக்கும் அதுல பங்கு வேணும்.

எனக்கு ரொம்ப உறுத்துறது டெக் ஆளுங்க விஷயம்தான். அந்த ஆழ்கடல் திட்டத்துல போட் மாத்தினா மானியம் ஓனர் பேருக்கு, லோனும் ஓனர் பேருக்கு. அதே போட்ல இருபது வருஷம் பங்குக்குப் போனவனுக்கு? மீன்பிடித் தடைக்காலம் 61 நாளைக்கு அரசாங்க நிவாரணம் 8,000 ரூபா, நாளுக்கு 131 ரூபா வருது. எங்க ஷெட்ல சங்காயம் பொறுக்குற அக்கா இந்தக் கணக்க என்கிட்ட போடச் சொல்லி, போட்டுக் காமிச்சதும், "மடிய நிறுத்தட்டும்ப்பா, என் வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு, ஆனா அன்னைக்கு எழுதுற லிஸ்ட்ல அவர் பேரு இருக்குமா?"ன்னு கேட்டாங்க.

கம்பெனிய விட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் சந்தைல பாத்தப்பவும் அந்த அக்கா அதத்தான் கேட்டாங்க.