வயலில் ஆற்று மணல்

30 நவம்பர் 2024, சனி, முடிச்சூர்

விடிந்ததில் இருந்து விடாத மழை. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். வேளச்சேரிக்காரர்கள் வழக்கம்போல் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்த பழக்கம், இனி போகாது. எங்கள் தெருவில் கணுக்கால் வரைதான் தண்ணீர். அடையாறு பக்கத்தில் இருக்கிறது என்பதால் அம்மா ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கிறது என்றதும் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கும்பிடு எமோஜி. தப்பித்தோமாம். எனக்கு அந்தக் கும்பிடு போட வரவில்லை, புதுச்சேரிக்கு மேற்கே திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில்தான் எங்கள் ஊர். சித்தப்பாவுக்குப் போன் போட்டால் "காத்துதான் அடிக்குது, கரண்ட் இல்ல, வை, சார்ஜ் போயிடும்" என்றார்.

1 டிசம்பர், ஞாயிறு

புயல் கடந்து போகவே இல்லை, புதுச்சேரி மேலேயே உட்கார்ந்துவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். செய்தியில் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 50 செ.மீ. பெய்தால் 20 லட்சம் லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் நூற்று அறுபது லாரிக்கு மேல். ஒரே ஒரு ஏக்கருக்கு! ஊரில் இருக்கும் எல்லா ஏக்கரையும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அப்பா பேரில் ஒன்றரை ஏக்கர், தென்பெண்ணை ஆற்றோரம். அப்பா போன பிறகு பக்கத்து நிலத்து அண்ணன் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருக்கிறார். பயிர் பொதி கட்டுகிற பருவம், கதிர் இன்னும் வெளியே வரவில்லை. இந்த நேரத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் அவ்வளவுதான்.

2 டிசம்பர், திங்கள்

நாம் புதுச்சேரியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து மேற்கே இருந்து வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. கொட்டிவிட்டது. அங்கே பெய்வதெல்லாம் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு வந்து சாத்தனூர் அணைக்குத்தான் சேரும். அணை ஏற்கெனவே நிறைந்த நிலையில், அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2015இல் நம்மை மூழ்கடித்த செம்பரம்பாக்கம் திறப்பு 29,000 கன அடி. சாத்தனூரின் மொத்தக் கொள்ளளவு சுமார் 7.3 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி), இந்த வேகத்தில் தண்ணீர் வந்தால் காலி அணையே பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். செம்பரம்பாக்கமாக இருந்தால் ஆறு மணி நேரம். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும் என்று டிவியில் சண்டை நடக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அணைக்கு மேலே அத்தனை ஆயிரம் சதுர கிலோமீட்டரில் விழுந்த தண்ணீர் ஏன் எங்கேயும் நிற்காமல் இவ்வளவு வேகமாக அணைக்கு வந்து சேர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரசூர் பக்கம் வெள்ளம் ஏறியதால் திருச்சி நெடுஞ்சாலை துண்டிப்பு. விக்கிரவாண்டி ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயிலும் இல்லை. சித்தப்பா வீட்டில் எல்லோரும் பள்ளிக்கூட மாடியில் இருக்கிறார்கள், மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டார்களாம். மதியத்துக்கு மேல் போன் சுவிட்ச் ஆஃப்.

3 டிசம்பர், செவ்வாய்

போன் வந்தது. ஆள் சேதம் இல்லை, மாடு திரும்பிவிட்டது, ஒரு கன்றைத்தான் காணோம்.

நிவாரணம் அறிவித்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல் போன்ற இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஹெக்டேர் என்றால் பெரிதாகத் தெரியும். ஏக்கருக்குப் போட்டால் 17,000 என்பது ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் போட்டதே அதைத் தாண்டிவிடும்.

8 டிசம்பர், ஞாயிறு, ஊரில்

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி விழுப்புரம், அங்கிருந்து டவுன் பஸ், கடைசியில் ஒருத்தர் பைக். ரோடு பல இடத்தில் அரித்துக் கிடக்கிறது.

எங்கள் நிலத்தைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பயிர் சாய்ந்திருக்கும், அழுகியிருக்கும் என்று நினைத்து வந்தோம், அங்கே பயிரே கண்ணில் படவில்லை. முழுக்க மணல். ஆற்றுப் பக்க வரப்பில் முழங்கால் உயரம், உள்ளே வரவர ஒரு சாண். வரப்பு எங்கே இருந்தது என்றே அடையாளம் தெரியாமல் அண்ணன் ஒரு கம்பை வைத்துக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். போர் மோட்டார் மண்ணுக்குள்.

வேடிக்கை என்னவென்றால் ஊருக்கு மேற்குப் பக்கம் இருக்கிற நிலங்களில் வேறு மண். அங்கே வந்தது ஏரித் தண்ணீர். ஒன்றாம் தேதி ராத்திரியே ஏரி நிரம்பி, மதகுக்குப் பக்கத்தில் கரை உடைந்து, கருப்பு வண்டலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. அவர்களுக்கும் இந்தப் போகம் போச்சு, மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவர்களுக்கு விதைகூடத் தேறாது. ஆனால் அடுத்த போகம் அந்த மண் கை கொடுக்கும். எங்கள் பக்கத்து மணலை எடுக்காமல் எதுவும் போட முடியாது. அடுத்த போகம் நவரை நெல் போடலாம் என்றால் ஏரியில் தண்ணீரும் இல்லை, உடைப்பில் எல்லாம் ஓடிவிட்டது. வெள்ளம் வந்த ஊரில் ஒரே வாரத்தில் பாசனத்துக்குத் தண்ணீர் இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கரை ஏன் உடைந்தது என்று பார்க்கச் சித்தப்பாவோடு கோடி வரை, அதாவது ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறுகிற இடம் வரை, நடந்து போனேன். உபரி நீர் வழிகிற கலங்கல் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தாண்டி அந்த நீரைக் கொண்டுபோகிற போக்குக் கால்வாய்தான் இல்லை. முதலில் சீமைக்கருவேலம், அப்புறம் ஒரு மாட்டுக்கொட்டகை, அப்புறம் கல் நட்டுப் பிரித்த மனைகள், அதற்கு ரோடு போட வைத்த ஒரு குழாய், என் இடுப்பளவுகூட இல்லை. ஏரிக்குள்ளே தூர் வாரி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதால் உள்வாய் மேடாகிக் கிடக்கிறது, அதனால் பாதித் தண்ணீரிலேயே நிரம்பிவிடும். "கோடியில போவ வழியில்ல, அப்புறம் அது எங்க போவும்? கரையத்தான் ஒடைக்கும்" என்றார் சித்தப்பா.

கரை உடையும் என்று தெரிந்தால் முன்பெல்லாம் ஊரே மண்வெட்டியோடு போகும், போகாவிட்டால் தண்டனை என்று 1858இல் வெள்ளைக்காரர்கள் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதற்கும் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருந்ததைக் கல்வெட்டில் வெட்டிவைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை எங்கள் ஊரில் யாரும் போகவில்லை. ராத்திரி, காற்று, கரண்ட் இல்லை, மணல் மூட்டை போடச் சாக்கும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

13 டிசம்பர், வெள்ளி, முடிச்சூர்

மறுபடி மழை. செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள், முதலில் 1,000 கன அடி. அம்மா மறுபடி தெருமுனைக்கு.

ஊரில் எல்லோரும் ஒரே குரலில் ஆற்றில் தடுப்பணை வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பக்கத்திலேயே தளவானூரில் 25 கோடி ரூபாய்க்குக் கட்டினார்களே, 2021 ஜனவரியில், திறந்து சில மாதத்தில் ஒரு பக்கம் உடைந்து போனதே. காங்கிரீட் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், கல்வெட்டு வைத்துத் திறக்கலாம். மேட்டில் சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்பு போடுவது, ஓடையில் கல்லடுக்கித் தடுப்பது, தண்ணீரை நிலத்துக்குள் இறக்கக் கசிவுநீர்க் குட்டை வெட்டுவது, இதையெல்லாம் யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்?

நீர்வடிப்பகுதி, அதாவது ஒரு ஓடைக்கோ ஏரிக்கோ மழைநீர் வடிந்து வருகிற மொத்த நிலம், அதில் வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், மேட்டில் ஆரம்பித்துப் பள்ளத்துக்கு வர வேண்டும். மேலே ஓடுகிற தண்ணீரை நடக்க வைத்தால் பாதி மண் அங்கேயே நின்றுவிடும், கீழே ஏரி தூர்வது குறையும், ஏரி ஒழுங்காகப் பிடித்தால் கிணறு ஊறும். மேலே விட்டுவிட்டுக் கீழே மட்டும் தூர் வாரினால் நாலு மழையில் பழையபடி. அதற்காக இதைச் செய்திருந்தால் 50 செ.மீ. மழையைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். அந்த ராத்திரி எந்தக் குட்டையும் நிரம்பி வழிந்திருக்கும். ஆனால் ஏரி உடையாமல் இருந்திருக்கலாம், இப்போது அதில் தண்ணீர் நின்றிருக்கும்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள். ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போகிற சங்கிலி, அதனால் மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பதும் தாங்காது. அடையாறும் இப்படி ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து வருகிற ஆறுதான். முடிச்சூரில் தரைத்தளம் வேண்டாம் என்று வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு மேலே இருக்கிற ஆதனூர்ப் பக்கத்து ஏரிக்கரை எப்படி இருக்கிறது என்பதில் அக்கறை இருக்க வேண்டும். எங்கள் குரூப்பில் இதைப் போட்டேன். பதிலுக்கு ஒருத்தர் குட் மார்னிங் படம் அனுப்பினார்.

20 டிசம்பர், வெள்ளி

உருப்படியான ஒரு தகவல், ஆற்றோரம் நிலம் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பயிர்ச் சேதத்துக்குத் தருவது தனி. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்ற, சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதியிலேயே இருக்கிறது. ஆறு திசை மாறி நிலத்தையே கொண்டுபோயிருந்தால் 47,000. அதிகாரி வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். எங்கள் ஊரில் கணக்கெடுக்க வந்தவர்கள் பயிரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள், மணலைப் பற்றி ஊரில் யாரும் கேட்கவும் இல்லை, வந்தவர்கள் சொல்லவும் இல்லை. மனு எழுதி, அளவுகோலை மணலில் நட்டுப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனுக்கு வேறு பயம். மணலை டிராக்டரில் ஏற்றினால் மணல் கடத்தல் என்று வண்டியைப் பிடித்துவிடுவார்களாம். சொந்த வயலில் விழுந்த மணலுக்கு அனுமதி வாங்கி அள்ள வேண்டும். அது வரும்வரை ஒரு மூலையில் குவிக்கலாம், அந்த மூலை போச்சு.

பட்டா அப்பா பேரில் இருப்பதால் பணம் அம்மா கணக்குக்குத்தான் வரும்போல. குத்தகைக்காரர் பேரை அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஏற்றாவிட்டால் அவர் பயிரே வைக்காத ஆள் மாதிரிதான். "பயிர் வச்சது அவன், பணம் நமக்கு எதுக்கு?" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. பாதி நிலத்துக்காரர்கள் சென்னையில், பெங்களூரில் இருக்கிறார்கள், போனே எடுப்பதில்லை.

26 ஜனவரி 2025, ஞாயிறு, ஊரில்

கிராம சபை. நல்ல கூட்டம், நிவாரணம் வராதவர்கள் அதிகம் என்பதால்.

சித்தப்பா எழுந்ததும் தடுப்பணையில் ஆரம்பித்தார். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அக்கா குறுக்கே பேசினார், "ஆத்துல கட்டறத அப்புறம் கட்டுவீங்க, மேல ஓடையில நாங்க வெட்டற வேலைய ஒழுங்கா குடுங்க, ரோட்டோரம் புல்லு செதுக்க விடறீங்க." கொஞ்சம் சிரிப்பு, அப்புறம் யாரும் மறுத்துப் பேசவில்லை. மேட்டு ஓடையில் கல் தடுப்புகளும் இரண்டு குட்டைகளும் அடுத்த வேலைப் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம் ஆனது.

போக்குக் கால்வாயைப் பற்றிப் பேச்சு வந்ததும்தான் சத்தம். மாட்டுக்கொட்டகைக்காரர் தன்னை மட்டும் காலி செய்யச் சொல்வதாகக் கத்தினார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது, மனை போட்டவர்கள் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. கடைசியில் முழு நீளத்துக்கும் அளந்து கல் நடுவது, அளந்த பிறகுதான் யாரையும் அகற்றுவது என்று எழுதினார்கள். எங்கள் ஏரிக்கு ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) நூறு ஏக்கருக்குக் குறைவு, அதனால் அது ஊராட்சி ஒன்றியத்து ஏரி, அதனால் உடைப்பை அடைக்க ஒன்றியத்திடம்தான் கேட்க வேண்டும். வண்டல் அள்ளுவதற்கு தாசில்தார் அனுமதியே போதும் என்ற விதி 2024இலேயே வந்துவிட்டது. ஏரியில் இருந்து வண்டல் எடுத்து மணல் விழுந்த நிலங்களுக்கு அடிக்கலாம் என்று நான் சொன்னதற்கு அண்ணன், "மொதல்ல மணல எடுக்கணும் தம்பி" என்றார்.

மணல் மனு தாலுகா ஆபீஸில் இருக்கிறது. சர்வேயர் பிப்ரவரியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தேதி சொல்லவில்லை. தேதி தெரிந்ததும் லீவு போட வேண்டும், பட்டா நகல், புலப்படம் (நில அளவு வரைபடம்) இரண்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில்.