ஆர்கானும் எர்த் குழியும்

முதல் கூட்டத்திலிருந்து கருவி ஓடும்வரை 16 மாதம் ஆயிற்று. வேதியியல், புவியியல், தாவரவியல் மூன்று துறைக்கும் பொதுவாக ஒரு ஐசிபி-எம்எஸ்; மாதிரியில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி.

தருமபுரியில் தண்ணீர் ஆராய்ச்சி என்றாலே ஃப்ளோரைடுதான். "இதுல ஃப்ளோரைடு பார்க்கலாம்ல சார்?" என்று கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்கள். வழக்கமான முறையில் முடியாது. இந்தக் கருவியில் அணுக்களை அயனியாக்குவது ஆர்கான் பிளாஸ்மா, அதாவது கொதிக்கும் சூட்டில் மின்னேறிய ஆர்கான் வாயு. ஆர்கானின் அயனியாக்க ஆற்றலே 15.76 எலக்ட்ரான் வோல்ட், ஃப்ளோரினுக்கு 17.42 வேண்டும்; அதனால் ஃப்ளோரின் அதில் அயனியாவதே அரிது. ஃப்ளோரைடுக்கு அதற்கென்று உள்ள மின்முனையே போதும். ஈயம், ஆர்சனிக், யுரேனியம் என்றால் லிட்டருக்கு நானோகிராம் அளவிலும் இது பிடித்துவிடும். கருவிக்கான விண்ணப்பத்திலிருந்து ஃப்ளோரைடை அன்றே அடித்தோம். பாதிக் கவர்ச்சி போயிற்று, வேறு வழியில்லை.

அடுத்த தப்பு என்னுடையது. டெண்டருக்கான ஸ்பெசிஃபிகேஷனை ஒரு கம்பெனியின் கையேட்டைப் பார்த்து எழுதிவிட்டேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது ஒருவருக்குத்தான் பொருந்தியது. கொள்முதல் குழு திருப்பி அனுப்பியது, சரிதான். மறுபடி எழுதும்போது எந்த வகைச் சாம்பிள், எந்தத் தனிமம், எவ்வளவு நுணுக்கம் என்று தேவையை மட்டும் சொன்னேன். அப்புறம்தான் மூன்று கம்பெனிகள் வந்தன. பிளாஸ்மாவிலிருந்து அயனிகளை உள்ளே விடும், தேய்ந்துபோகும் நிக்கல் கோன்கள், ஐந்து வருட ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) இரண்டின் விலையையும் விலைக் கவரிலேயே கேட்டு வாங்கினோம். பின்னால் கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை.

கருவியை விட அறைதான் படுத்தியது. ஆர்கான் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் போகும்; 7 கன மீட்டர் சிலிண்டர் ஒரு நாள் வேலைக்குக்கூடத் தாங்காது. அதனால் மாதிரிகளைச் சேர்த்துவைத்து வாரம் இரண்டு நாள் ஓட்டுகிறோம்.

அப்புறம் எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்குக் கீழே இருக்கணும் என்றார் கம்பெனி இன்ஜினியர். மீட்டர் 9 காட்டியது. புதுக் குழி தோண்டினால், "நாலடிக்குக் கீழ பாறை தட்டுது சார்" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். இடம் மாற்றி, கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு குழி எடுத்து, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். 1.4க்கு இறங்கியது.

சித்திரை வெயிலில் மறுபடி 3க்கு ஏறிவிட்டது. இப்போது லாக் புத்தகத்தில் ஆர்கான் அழுத்தத்துக்கு முன்னால் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்: 'குழிக்குத் தண்ணீர்.'